மணவாழ்வும் தனிவாழ்வும்

மணஞ்செய்து மனையறம் காப்பதே மக்கட் பிறவியின் முழுப்பயன் என்னும் எண்ணம் நம் கிறிஸ்தவ சபைகளில் வேரூன்றி நிற்கின்றது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளின் தொழிற்சாலைகளை நாடி அயலூர்களிலிருந்து வந்து வாழும் மணமாகாத இளைஞரும் இளம்பெண்டிரும் பலர். ஆலயத்தில் அவர்களை எதிர்கொள்ளும் வினா, “கலியாணம் எப்போது?” என்பதே. வினவுவோர் அன்பினாலேயே வினவுகின்றனர். ஆயினும், மணமாகாதார் குறையுடையார் என்னும் கருத்து அவ்வினாவில் மறைந்து கிடக்கின்றது. இக்கருத்து வேதத்திற்கு இயைந்ததா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

திருவள்ளுவர் இல்வாழ்க்கைக்கு 5-ஆம் அதிகாரத்தையும், துறவுக்கு 35-ஆம் அதிகாரத்தையும் வகுத்து இரண்டையும் போற்றினார். நம் ஆண்டவர் கானாவூர்க் கலியாணத்திற்குச் சென்று அதனைச் சிறப்பித்தார். தாமோ மணவாது வாழ்ந்தார். பவுல் அப்போஸ்தலரும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் அவரவர் நிலையைத் தேவன் அளிக்கும் வரமென்றே கூறுகின்றார்.

பின்னர்த் துறவே மேலானதென்னும் கொள்கை சபையில் ஓங்கிற்று. 1525-இல் லூத்தர் மணம்புரிந்து இல்லறத்தின் மாண்பை நிலைநாட்டினார். தாழ்ந்திருந்ததை உயர்த்தப் புகுந்த சீர்திருத்தச் சபையாராகிய நாம், உயர்ந்திருந்ததைத் தாழ்த்திவிட்டோம்.

ஆயினும் நம் நாட்டுச் சபை தனிவாழ்வினரால் பெற்ற நன்மை சிறிதன்று. 1750-இல் தரங்கம்பாடி வந்த சுவார்ச்சு ஐயர், மணவாதவராய் 1798-இல் தஞ்சையில் மறையுமளவும் உழைத்தார். இளவரசர் சரபோஜிக்குத் தந்தைபோல் நின்றார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய மருத்துவர் இருவரும், சவரிராயன் ஜேசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும், தமிழரும் ஸ்காட்லாந்தினருமாயிருந்தும், பிரமசரியம் பூண்டு உடன்பிறந்தார்போல் வாழ்ந்து ஏழைகளுக்குப் பணிசெய்தனர். ‘குலம்’ என்னும் பெயரே கருதத்தக்கது. மனைவி மக்களில்லாதாரும் ஒரு குடும்பமாதல் கூடும் என்பதை அது காட்டுகின்றது.

“முதுமையில் அவர்களுக்குத் துணை யாவர்?” எனின், அவ்வினாவிற்கு விடையிறுக்க வேண்டியது சபையே. தனித்திருப்போர் அனைவரும் அந்நிலையை விரும்பி ஏற்றாரல்லர். வரதட்சிணை கொடுக்க இயலாமையால் மணமின்றி நிற்கும் நங்கையை நோக்கி, “இது தேவன் தந்த வரம்” என்று கூறுதல், நம் பாவத்தைத் தேவன்மேல் ஏற்றுவதாகும்.

ஆதலின் இல்லறத்தை இகழ வேண்டுவதில்லை. தனிவாழ்வை இரங்கத்தக்கதாக எண்ணவும் வேண்டுவதில்லை. ஆராதனை முடிந்தபின் கலியாணத்தைப்பற்றி வினவுவதை விடுத்து, தனித்து வாழ்வாரை நம் இல்லத்திற்கு உணவருந்த அழைப்போமாக. கிறிஸ்துவின் குலம் அங்கே தொடங்கும்.