பம்புசெட்டின் உயிர்நாடி – உறுதியான மின் இணைப்பு



சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம் காய் பிடிக்கும் சமயம். கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டரை அழுத்துகிறீர்கள். மோட்டார் ஓடவில்லை, உறுமுகிறது. மறுபடியும் அழுத்துகிறீர்கள். சற்று நேரத்தில் தீய்ந்த வாடை வருகிறது. மோட்டாரை மேலே எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டி மறுபடி இறக்குவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடுகிறது. அந்த ஒரு வாரத்தில் பயிர் வாடிப் போகிறது. “லோ வோல்டேஜ், மோட்டார் போய்விட்டது” என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

பல சமயங்களில் காரணம் வோல்டேஜ் அன்று. மெயின் சுவிட்சிலோ, ப்யூஸ் கட்டையிலோ, ஸ்டார்ட்டரிலோ தளர்ந்து போயிருந்த ஒரு திருகுதான் காரணம். தமிழ்நாட்டில் வேளாண்மைக்கு மின்சாரம் இலவசம். ஆனால் கருகிய மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவும், வாடிய பயிரின் நட்டமும் நம்முடையவை. ஆகவே, மின் இணைப்பு என்பது என்ன, அது ஏன் கெடுகிறது, அதை உறுதியாக அமைப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் பகுதியும் மின்சாரமும்

1932 ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கொங்குப் பகுதியில் கவலை ஏற்றம் மெல்ல மறைந்து மின் மோட்டார் வந்தது. திறந்த கிணற்றின் மேட்டில், கண்ணெதிரே ஓடிய மோட்டார் அது. பல்லடம், பொங்கலூர், அவினாசி, காங்கயம் பகுதிகளில் இன்று ஆழ்துளைக் கிணறு பல இடங்களில் ஆயிரம் அடியையும் தாண்டிவிட்டது. மோட்டாரும் கேபிள் இணைப்பும் நம் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் நீருக்குள் இருக்கின்றன. அண்மைக் காலத்தில் சூரிய சக்திப் பம்புகளும் வந்துள்ளன. நம்மில் பலருக்குக் காடு ஒரு பக்கம், விசைத்தறி ஒரு பக்கம். இவை எல்லாவற்றிலும் கம்பியோடு கம்பி சேரும் இடம்தான் பலவீனமான இடம்.

ஒரு சாதாரணப் பம்புசெட்டில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். மெயின் சுவிட்சில் 6, ப்யூஸ் கட்டைகளில் 6, ஸ்டார்ட்டரில் 6, கேபிள் ஒட்டில் 3, மோட்டார் முனைகளில் 3. ஆக மொத்தம் 24. இந்த 24இல் 23 நன்றாக இருந்து ஒன்று மட்டும் தளர்ந்திருந்தாலும் மோட்டாருக்கு ஆபத்துதான்.

இணைப்பு ஏன் சூடாகிறது?

இரண்டு உலோகப் பரப்புகளைச் சேர்த்து வைத்தால் அவை முழுவதும் ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை. எவ்வளவு வழவழப்பான உலோகத்திலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. மேடும் மேடும் தொடும் சில புள்ளிகளின் வழியாகத்தான் மின்சாரம் கடக்கிறது. நன்றாக இறுக்கினால் மேடுகள் நசுங்கித் தொடும் பரப்பு பெருகும். தளர்ந்தால் அது சுருங்கும், மின்தடை ஏறும்.

மின்தடை ஏறினால் சூடு ஏறும். சூட்டைக் கணக்கிடுவது எளிது. மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, வருவதை மின்தடையால் பெருக்க வேண்டும். 10 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 15 ஆம்பியர் எடுக்கும். நல்ல இணைப்பின் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அங்கு பிறக்கும் சூடு கால் வாட்டுக்கும் குறைவு. அதே இணைப்பு தளர்ந்து மின்தடை அரை ஓம் ஆகிவிட்டால் 15 x 15 x 0.5 = 112.5 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் பற்றுக்கோல் 25 முதல் 60 வாட்தான். இரண்டு பற்றுக்கோல்களை ஒரு திருகின்மேல் மணிக்கணக்கில் வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் உங்கள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் நடக்கிறது.

நேரடி ஸ்டார்ட்டரில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார், புறப்படும் அந்தச் சில நொடிகளில் வழக்கத்தைப்போல் சுமார் 6 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அப்போது இணைப்பில் பிறக்கும் சூடு 36 மடங்கு. அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது இணைப்பு சீக்கிரம் கெடுவது இதனால்தான்.

சூடேறிய உலோகம் காற்றில் கறுக்கும். அந்தக் கறுப்புப் படலம் மின்சாரத்தைத் தடுக்கும். தடை ஏற ஏறச் சூடு ஏறும். சூடு ஏற ஏறப் படலம் தடிக்கும். தானாகச் சரியாகாத நோய் இது. கடைசியில் ஒரு பேஸ் அறுந்துவிடும். மோட்டார் மீதி இரண்டு பேஸில் ஓட முயன்று, அவற்றில் ஏறத்தாழ 1.7 மடங்கு மின்னோட்டத்தை இழுத்து, காயிலைக் கருக்கிக்கொள்ளும். தொடக்கத்தில் சொன்ன உறுமல் இதுதான். உறுமல் கேட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். மறுபடி அழுத்திப் பார்க்கவே கூடாது.

நல்ல இணைப்பின் ஐந்து இலக்கணங்கள்

1. இறுக்கம்: வெறும் கம்பியைத் திருகில் சுற்றி முடுக்குவது போதாது. கம்பியின் பருமனுக்கு ஏற்ற, ஈயம் பூசிய செம்பு லக்கை மாட்டி, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் நசுக்க வேண்டும். கொறடாவால் நசுக்குவதும் சுத்தியலால் தட்டுவதும் இணைப்பு ஆகாது. நசுக்கியபின் கையால் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது. போல்ட்டில் மாட்டும்போது தட்டை வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் போட வேண்டும். மோட்டாரின் அதிர்விலும், சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போதும் இறுக்கம் குறையாமல் காப்பது ஸ்பிரிங் வாஷர்தான். பலபிரிக் கம்பியின் முனையில் ஈயம் உருக்கி ஊற்றித் திருகின் கீழ் வைப்பது தவறு. ஈயம் மெதுவானது, அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி இணைப்பு தளர்ந்துவிடும்.

2. சுத்தம்: கறுத்த, பச்சை பூத்த கம்பி முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனையைச் சீவி இணைக்க வேண்டும். உறையைச் சீவும்போது கத்தியால் இழைகளை வெட்டிவிடக் கூடாது. பத்து இழையில் மூன்று அறுந்தால் மீதி ஏழுதான் சுமை தாங்கும்.

3. ஒரே உலோகம்: செம்பையும் அலுமினியத்தையும் நேராகச் சேர்க்கக் கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். சூட்டில் அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரியும். காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன்மேல் மின்சாரம் கடத்தாத படலமும் படியும். இரண்டையும் சேர்த்தே ஆகவேண்டிய இடத்தில் அதற்கென்றே விற்கும் இரட்டை உலோக லக்கையும் இணைப்புப் பசையையும் பயன்படுத்த வேண்டும்.

4. ஈரம் புகாமை: ஸ்டார்ட்டர் பெட்டியில் கேபிள் நுழையும் துளைகளைக் கிளாண்டு போட்டு அடைக்க வேண்டும். திறந்த துளை வழியே மழைச்சாரல் மட்டும் அன்று, பல்லியும் எறும்பும் புகும். கேபிளைக் கீழ்ப்பக்கமாகத் தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினால் நீர் கேபிள் வழியே பெட்டிக்குள் வராது.

5. இழுவையின்மை: கேபிளின் பாரத்தை இணைப்பு தாங்கக் கூடாது. பெட்டிக்கு வெளியே கிளிப்பாலும், ஆழ்துளைக் கிணற்றில் சுமார் 10 அடிக்கு ஒரு கட்டு வீதம் குழாயுடனும் கேபிளைக் கட்ட வேண்டும்.

நீருக்குள் போகும் கேபிள் ஒட்டு

நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் ஒட்டில் கெட்டால் மொத்தக் குழாயையும் மேலே இழுக்க வேண்டும். ஆகவே இறக்குமுன் அரைமணி நேரம் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறில்லை.

மூன்று கம்பிகளையும் ஒரே நீளத்தில் வெட்டாமல், ஒட்டுகள் ஒன்றுக்கொன்று சுமார் 5 செ.மீ. தள்ளி அமையும்படி வெட்டுங்கள். ஒட்டுகள் பக்கம் பக்கமாக இருந்தால் டேப் கிழியும்போது பேஸும் பேஸும் தொட்டுவிடும். இரு முனைகளையும் செம்புக் குழல் இணைப்பானில் நுழைத்து இரு பக்கமும் கிரிம்பிங் செய்யுங்கள். கம்பியை முறுக்கிவிட்டு டேப் சுற்றுவது நீருக்குள் உதவாது. உறையின்மேல் உள்ள எண்ணெயையும் வியர்வையையும் துடைத்துவிட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்கு இழுத்து, ஒரு சுற்றின் பாதிமேல் அடுத்த சுற்று விழும்படி, உறையின்மேல் இரு பக்கமும் 2 முதல் 3 செ.மீ. வரை சுற்றுங்கள். அதன்மேல் பி.வி.சி. டேப் சுற்ற வேண்டும். இறுதியில் மூன்றையும் சேர்த்து ஒரு சுற்று.

பின்னர் ஒட்டை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் ஒயர்மேனை அழைத்து 500 வோல்ட் மெக்கரால் கம்பிக்கும் நீருக்கும் இடையே சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டும். வாளியில் தெரியும் குறையை ஆயிரம் அடியில் தேட வேண்டாம்.

சூரியப் பம்பில் தனிக் கவனம்

சூரியத் தகடுகளைப் பூட்டும் இணைப்பான்கள் வேறு வகை. ஆண், பெண் முனைகள் “டிக்” என்று பூட்டிக்கொள்ளும். பரவலாகப் பழக்கத்தில் உள்ள எம்.சி.4 என்னும் வகையில் உள்ளிருக்கும் ஊசியின் பருமன் 4 மி.மீ. பூட்டு, ரப்பர் வளையம், ஊசி ஆகிய மூன்றும் ஒன்றாக வேலை செய்தால்தான் அது பத்திரமான இணைப்பு. வேறு வேறு கம்பெனியின் ஆண் பெண் முனைகள் பார்வைக்குப் பொருந்தினாலும் அளவில் நுணுக்கமான வேறுபாடு இருக்கும், அவற்றைச் சேர்க்காதீர்கள்.

ஒரு தகடு 40 வோல்ட் தந்தால் 15 தகடுகளைத் தொடராகச் சேர்க்கும்போது 600 வோல்ட் ஆகிறது. அதுவும் நேர்மின்னோட்டம். நம் வீட்டு மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 தடவை சுழிக்கு வந்து போவதால் அதில் எழும் பொறி எளிதில் அணையும். நேர்மின்னோட்டத்தின் பொறி அப்படி அணையாது. இழுக்க இழுக்க நீண்டு எரியும். எனவே பம்பு ஓடும்போது இணைப்பானைப் பிடுங்கவே கூடாது. முதலில் கன்ட்ரோலரை நிறுத்தி, அடுத்து நேர்மின் சுவிட்சை அணைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை தகடுகளில் வோல்டேஜ் இருக்கும் என்பதை மறவாதீர்கள். இணைப்பான்கள் மண்ணில் கிடக்காமல், நீர் தேங்காமல், சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

தறிக்கூடம் உள்ளவர்களுக்கு

தறியிலும் பின்னலாடைக் கூடத்திலும் பஞ்சுத்தூசி எங்கும் படியும். அங்கு தளர்ந்த பிளக்கில் எழும் ஒரு பொறி போதும், கூடமே தீப்பற்ற. சுவிட்சுப் பெட்டிகளை மூடியே வைத்து, மின்சாரத்தை நிறுத்தியபின் தூசியை அடிக்கடி துடைத்துவிட வேண்டும்.

உயிர் காக்கும் இணைப்பு

பேஸ் இணைப்பு கெட்டால் மோட்டார் போகும். எர்த் இணைப்பு கெட்டால் ஆள் போய்விடுவார். மூன்று பேஸ் மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது மின் விதி. ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கும். எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். துருப்பிடித்த எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள். ஈரக் கையோடு, வெறுங்காலோடு வாய்க்காலில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

எப்போது, எப்படிப் பார்ப்பது?

ஆண்டுக்கு இரு முறை, கோடைக்கு முன் மாசியிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியிலும் எல்லா இணைப்புகளையும் சோதியுங்கள். மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, மெயினை அணைத்து, ப்யூஸ்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டெஸ்டரால் மூன்று பேஸையும் சோதித்து, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்தபின் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு லக் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதா, உறை பழுப்பேறி மொறமொறப்பாகிவிட்டதா, தீய்ந்த வாடை வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் இறுக்கினால் மட்டும் போதாது; வெட்டிப் புது லக் போட வேண்டும்.

இறுக்கும் வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு செய்யுங்கள். அவரிடம் டாங் டெஸ்டர் இருந்தால் ஓடும் மோட்டாரின் மூன்று பேஸிலும் ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் வோல்டேஜையும் இணைப்பையும் தேடிப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டருடன் ஒரு பேஸ் தடுப்பானும் பொருத்தினால், ஒரு பேஸ் அறுந்துபோகும்போது மோட்டார் தானே நிற்க அது உதவும். கம்பத்திலிருந்து மீட்டர் வரை உள்ள இணைப்புகளில் கை வைக்காமல் மின்வாரியத்துக்குத் தகவல் கொடுங்கள்.

ஒரு லக், ஒரு ஸ்பிரிங் வாஷர், ஒரு சுருள் ரப்பர் டேப்: இவற்றின் விலை காயில் கட்டும் கூலியில் சிறு பங்குகூட ஆகாது. வரும் மாசியில், மோட்டாருக்கு எண்ணெய் விடும்போதே 24 இணைப்புகளையும் எண்ணிப் பார்த்து இறுக்கிவிடுங்கள். பயிரையும் மோட்டாரையும், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் உயிரையும் காத்துப் பயன் பெறுவீர்களாக!