வங்கியின் புது முகவரியும் வாடிக்கையாளரின் பொறுப்பும்

கேள்வி: நான் ஓய்வூதியர். ‘வங்கியின் இணையதள முகவரி மாறிவிட்டது, இன்றே கேஒய்சியைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்’ என்று ஒரு சனிக்கிழமை மாலை எஸ்எம்எஸ் வந்தது. வங்கிகளின் முகவரி மாறுவதாகப் பேப்பரில் படித்திருந்ததால் நம்பி லிங்க்கைத் திறந்தேன். கேட்ட விவரங்களோடு ஓடிபியையும் போட்டேன். 25,000 ரூபாய் போய்விட்டது. உடனே வங்கியின் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்கினேன். அப்படியும் மறுநாள் காலை இன்னொரு 19,000 ரூபாய் போயிருக்கிறது. “எங்கள் தளம் ‘பேங்க்.இன்’ என்றுதான் முடியும். அதைப் பார்க்காதது உங்கள் கவனக்குறைவு” என்று கிளையில் கைவிரித்துவிட்டார்கள். மொத்த நஷ்டமும் என் தலையில்தானா?
- வாசகர், வண்டலூர்

பதில்: இல்லை. 19,000 ரூபாயை வங்கி தந்தாக வேண்டும். 25,000 ரூபாய் விஷயத்தில் உங்கள் பக்கம் பலவீனமாக இருக்கிறது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில், கிளையில் சொன்ன காரணத்தைப் பார்ப்போம். காசு கட்டினால் டாட் காம் முகவரியை யாரும் வாங்கலாம், மோசடிக்காரரும் வாங்கலாம். அதனால் வங்கிகளுக்கென்றே ‘பேங்க்.இன்’ என்ற தனி முடிவு கொண்டுவரப்படும் என்று 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா அறிவித்தார். வங்கிகள் அந்த ஆண்டு அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ஏப்ரல் 22 அன்று சுற்றறிக்கை வந்தது. இந்த முகவரியைப் பதிவு செய்து தரும் அதிகாரம் ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. வங்கி அல்லாதவர் போய்க் கேட்டால் கிடைக்காது. உலக அளவில் ‘டாட் பேங்க்’ என்ற முடிவு 2015 முதலே புழக்கத்தில் இருக்கிறது. நம் ரிசர்வ் வங்கி நாட்டின் ‘டாட் இன்’னுக்கு உள்ளேயே தனி இடம் ஒதுக்கிக்கொண்டது.

இதில் கடமை யாருடையது? வங்கியுடையது. வாடிக்கையாளரைக் காப்பாற்ற வங்கி மீது சுமத்திய கடமையை, வாடிக்கையாளருக்கு எதிரான வாதமாகத் திருப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. முகவரியைச் சரிபார்க்காதவருக்கு நிவாரணம் கிடையாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. தவிர, முகவரி மாற்றத்தையே தூண்டிலாக்கி மோசடி நடக்கும் என்பது வங்கி எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று. மாற்றத்தைப் பற்றி உங்களுக்கு எப்போது, எந்த வழியில் தெரிவித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

யார் எவ்வளவு நஷ்டத்தைச் சுமப்பது என்பதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விதிகள் வகுத்தது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. தவறு இருவர் மீதும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், அப்போதும் பொறுப்பு இல்லை. ஆனால் ஓடிபி போன்ற ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே கொடுத்திருந்தால், புகார் செய்யும் நேரம் வரையிலான இழப்பு அவருடையது. உங்கள் 25,000 இங்கேதான் மாட்டுகிறது. புகாருக்குப் பிறகு போகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் கணக்கில்தான் சேரும். 19,000 ரூபாய்க்கு உங்கள் கையில் உள்ள அந்தப் புகார் எண்ணே போதிய சாட்சி. போன் செய்த நேரம் தெரியும் அழைப்புப் பட்டியலையும் எஸ்எம்எஸ்களையும் அழித்துவிடாதீர்கள்.

25,000 ரூபாயையும் கைகழுவ வேண்டாம். கவனக்குறைவு யாருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியின் மீதே இருக்கிறது. அந்த ஓடிபி செய்தியை எடுத்துப் படியுங்கள். தொகையும் பணம் அனுப்பும் விவரமும் அதில் தெளிவாக இருந்தால் வாதாடுவது கடினம். வெறும் எண் மட்டும் வந்திருந்தால் பேச இடமிருக்கிறது. 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, ஒரு வாடிக்கையாளர் இழந்த 94,204 ரூபாய் 80 காசை ஸ்டேட் பேங்க் தர வேண்டும் என்ற கவுகாத்தி உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. ஓடிபி கொடுத்தவர்களுக்கும் பணம் உண்டு என்பதுபோல இந்தத் தீர்ப்பை வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். அப்படியல்ல. அந்த வாடிக்கையாளர் ஓடிபியைப் பகிரவே இல்லை என்றார்; 24 மணி நேரத்துக்குள் புகாரும் செய்திருந்தார். உங்கள் வழக்கில் இரண்டாவது மட்டுமே பொருந்தும்.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு இன்னும் சொல்லவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும் முன் சொல்லுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க அதுதான் வழி; அங்கே மிச்சம் இருந்தால் மீட்கலாம். தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழுள்ள உங்கள் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எல்லைத் தகராறு சொன்னால், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிற பிஎன்எஸ்எஸ் எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள்.

வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்தில் இரு தொகைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து 44,000 என்று எழுதினால், ‘கவனக்குறைவு’ என்ற ஒற்றை வார்த்தையில் இரண்டையும் மறுத்துவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியே முறையிடலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அங்கேயும் சரிவராவிட்டால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவைத் தொடவே மாட்டார்.