பேயா? விஞ்ஞானமா? பரணில் கிடைத்த நாவல்



பழைய வினாத்தாள் தேடி சித்தப்பா வீட்டுப் பரணில் ஏறினேன். கிடைத்தது வேறு! அட்டை கிழிந்த ஒரு பைண்டிங் புத்தகம். வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்து, தைத்து, பைண்டு பண்ணி வைப்பது அந்தக் காலத்துப் பழக்கமாம். ரெண்டு பக்கம் புரட்டலாம்னு உட்கார்ந்தேன். சாப்பிடக் கூப்பிட்டதுகூட காதுல விழலை.

அது சுஜாதா எழுதிய ‘கொலையுதிர் காலம்’. 1981-ல் குமுதத்தில் தொடராக வந்தது என்று தமிழ் ஐயா சொன்னார். லீனா என்ற இளம்பெண்ணின் சொத்து விவகாரமாக வக்கீல் கணேஷும் உதவியாளர் வசந்தும் ஒரு பங்களாவுக்குப் போகிறார்கள். அங்கே நடப்பது பேயின் வேலையா, மனிதனின் வேலையா? முடிவை நான் சொல்ல மாட்டேன்!

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயர். நாம் ஓட்டுப் போடும் மின்னணு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். 2008-ல் காலமானார். அப்படிப்பட்டவர் ஏன் பேயைப் பற்றி எழுதினார்? படித்தபின் எனக்குப் புரிந்தவை மூன்று:

1. ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு விளக்கம் இருக்கலாம். அவசரப்பட்டு ஒன்றை முடிவு பண்ணக் கூடாது.

2. பார்த்தவர் யார், எங்கிருந்து பார்த்தார், வெளிச்சம் இருந்ததா என்று கேட்க வேண்டும். ‘அவங்க சொன்னாங்க’ என்பது சாட்சி ஆகாது.

3. மற்றவர் பயந்தால் யாருக்கு லாபம் என்று யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஆர்தர் கோனன் டாயில் 1901–1902-ல் எழுதிய ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ தொடரும் இதே வகைதான். குடும்பத்துக்குச் சாபம் என்று ஊரே நம்பும்போது, ஷெர்லாக் ஹோம்ஸ் கால் தடத்தைத் தேடுகிறார்.

இதெல்லாம் கதைக்கு மட்டும்தானா? இல்லை. எங்கள் தெருக்கோடியில் மூடிக் கிடக்கும் ஒரு பழைய பூட்டுப் பட்டறை இருக்கு. ராத்திரி அங்கே ‘டங் டங்’னு யாரோ சுத்தியல் அடிக்கிறாங்கன்னு பேச்சு. அதனால டியூஷன் போற சின்னப் பசங்க சந்து வழியை விட்டுட்டு, லாரி பறக்கிற மெயின் ரோட்டைச் சுற்றிப் போக ஆரம்பிச்சாங்க. பேய் யாரையும் அடிக்கலை. லாரி அடிச்சா என்ன ஆகும்?

நானும் என் நண்பனும் ஒரு வாரம் குறிப்பு எடுத்தோம். சத்தம் ராத்திரி மட்டுமில்லை, பகலிலும் கேட்டது; பகல் இரைச்சலில் யாரும் கவனிக்கலை. காற்று நின்ற நாளில் சத்தமும் இல்லை. எல்லாம் ஆடிக்காற்று! கூரையில் ஆணி கழன்ற தகரம் இரும்புத் தூணில் மோதியது. பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் சொன்னோம். பகலில் ஆள் வைத்து ஆணி அடித்தார். இப்போது பசங்க சந்து வழியாகவே போறாங்க. ஒரு தங்கச்சி மட்டும் இன்னும் ஓட்டமா ஓடித்தான் அந்த இடத்தைக் கடக்கிறாள். பரவாயில்லை, மெயின் ரோட்டுக்குப் போகலையே!

‘கதைப் புஸ்தகம் படிச்சா மார்க் வருமா?’ என்று வீட்டில் கேட்பார்கள். கேள்வி கேட்கும் பழக்கம் வரும் என்று சொல்லுங்கள். ‘கொலையுதிர் காலம்’ பெரியவர்களுக்காக எழுதிய தொடர். அதனால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு படியுங்கள். நூலகத்தில் தேடுங்கள், உங்கள் வீட்டுப் பரணிலும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்!