நிலக்கடலையின் எண்ணெயை உண்ணும் மண் பூஞ்சக்காளான்

திண்டுக்கல் சமவெளியின் செம்மண் நிலங்களில் மானாவாரியாகப் பயிரிடப்பெறும் எண்ணெய் வித்துக்களுள் நிலக்கடலை முக்கியமானது. அதன் பருப்பில் ஏறக்குறையப் பாதியளவு எண்ணெய் உண்டு. குடியானவருக்கு இலாபந் தரும் இவ்வெண்ணெயே மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சக்காளானுக்கும் உணவாகிறது. ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். பருப்பின்மேல் மஞ்சள் கலந்த பச்சைத் தூள்போல் அது படரும்.

இக்காளான் லைபேஸ் என்னும் நொதியைச் சுரந்து, எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரித்து உட்கொள்ளுகிறது. அதில் ஒரு பகுதியைத் தன் இழைகளில் மீண்டும் கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. அமிலம் மிகுவதால் செக்கில் ஆட்டிய எண்ணெய் சிக்கு வாடை வீசும்.

இந்நஷ்டத்தினும் பெரிய கேடு, அது உண்டாக்கும் அப்ளாடாக்ஸின் என்னும் விஷமாகும். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்ததில் இவ்விஷம் வெளிப்பட்டது. இது ஈரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்க வல்லது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றும் நீங்காது. கடலையை ஆட்டும்போது விஷத்தின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். வடிகட்டாத எண்ணெயிலும் சிறிது கலக்கும். அப்பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் விஷத்தின் ஒரு கூறு இறங்கும்.

காளான் களஞ்சியத்தில்தான் பற்றுகிறதென்று எண்ணுவது சரியன்று. காய் முற்றும் கடைசி வாரங்களில் மழை தவறி மண் சூடேறினால், நிலத்திலேயே அது காயினுள் புகும். கறையானும் புழுவும் துளைத்த காய்கள் அதற்கு எளிய வழியாகும். ஆடியில் விதைத்த கடலை ஐப்பசி மழையில் அறுவடைக்கு வந்தால், பிடுங்கிய காய் உலராமல் கிடந்து கேடு பெருகும்.

ஆகையால் கவனிக்க வேண்டியவை:

1. விதைக்கு முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்க. இது தீய காளானை அடக்கும் நல்ல காளான்.

2. விழுது இறங்கும் பருவத்தில் ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க. சுண்ணாம்புச் சத்தால் காயின் ஓடு உறுதிப்படும்.

3. கிணற்று வசதியுள்ளோர் கடைசி மாதத்தில் நிலம் வறளாமல் காக்க.

4. முற்றியவுடன் பிடுங்கி, காய்கள் மேல்நோக்கும்படி செடிகளைக் கவிழ்த்து உலர்த்துக. பருப்பின் ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படலாகாது.

5. உடைக்குமுன் காய்மீது நீர் தெளிக்கும் வழக்கத்தை விடுக.

6. பூத்த, சுருங்கிய, துளைபட்ட பருப்பைப் பொறுக்கி அழித்துவிடுக.

கழித்த பருப்பைச் செக்குக்கு அனுப்புவது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் அதன் பிண்ணாக்கு தொழுவத்துக்கு வரும். பால் குழந்தைகளைச் சேரும். கிராம அதிகாரிகள் களம் கூடுமுன்னரே இதனை யாவருக்கும் எடுத்துரைத்தல் நலம்.