விட்டு விட்டு வரும் கோளாறு

பள்ளிக் கணினிக்கூடத்தில் மாணவர்கள் சிலர் ஆண்டிதழைத் தயாரித்துக்கொண்டிருந்தனர். கட்டுரைகளும் படங்களும் ஒரு கணினியில் இருந்த பொதுக் கோப்புறையில் வைக்கப்பட்டிருந்தன. மற்றக் கணினிகள் வலையமைப்பின் வழி அக்கோப்புறையைத் திறந்தன.

காலையில் எல்லாம் சீராக நடந்தது. ஓய்வு நேரம் முடிந்து திரும்பிய மாணவி ஒருவர் தம் கட்டுரையைச் சேமிக்க முயன்றபோது, கோப்புறையை அணுக முடியவில்லை என்ற அறிவிப்பு தோன்றியது. அவர் பதற்றத்தில் கோப்பை மூடிவிட்டார். இரண்டு மணி நேர உழைப்பு வீணாயிற்று. சற்று நேரத்தில் கோப்புறை மீண்டும் திறந்தது. மறுநாளும் இதே சிக்கல் எழுந்தது.

எப்போதும் இருக்கும் கோளாற்றை எளிதில் கண்டுபிடிக்கலாம். விட்டு விட்டு வரும் கோளாறோ, தேடும்போது மறைந்துகொள்ளும். அதனால், பலர் பொறுமையிழந்து கண்ட அமைப்புகளையெல்லாம் மாற்றிவிடுகின்றனர். இங்கும் ஒரு மாணவர், ஃபயர்வால் எனும் பாதுகாப்பு அரணை அணைத்துவிடலாம் என்றார்.

ஆசிரியர் அதைத் தடுத்தார். 2017ஆம் ஆண்டு மே மாதம் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. விண்டோஸ் கணினிகளின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த குறைபாடே அதற்கு வழிவிட்டது. பிரிட்டனில் பல மருத்துவமனைகளின் பணிகள் முடங்கின. அக்குறைபாட்டைச் சரிசெய்யும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. புதுப்பிக்கப்படாத கணினிகள் எளிதில் சிக்கிக்கொண்டன. கோப்புகளைப் பகிரும் வழி, பாதுகாப்பில்லையென்றால் தீங்கு நுழையும் வழியாகவும் மாறும் என்பதை ஆசிரியர் விளக்கினார்.

பின்னர், "கோளாறு எப்போது வந்தது, எத்தனை கணினிகளில் வந்தது என்று யாராவது குறித்து வைத்தீர்களா?" என்று கேட்டார். யாரும் குறித்து வைக்கவில்லை. அன்று முதல் ஒரு குறிப்பேடு தொடங்கப்பட்டது.

ஒரே ஒரு கணினியில் மட்டும் சிக்கல் வந்தால், அதன் கம்பி தளர்ந்திருக்கலாம். வைஃபை அலை வலுவிழந்திருக்கலாம். இரண்டு கணினிகளுக்கு ஒரே ஐபி எண் அமைந்தாலும் தொடர்பு அறுந்து அறுந்து வரும். இரு வீடுகளுக்கு ஒரே கதவு எண் இருந்தால் அஞ்சல்காரர் தடுமாறுவார் அல்லவா? எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் சிக்கல் வந்தால், கோப்புறை உள்ள கணினியையோ அனைத்தையும் இணைக்கும் கருவியையோ முதலில் சோதிக்க வேண்டும்.

மூன்று நாள் குறிப்புகள் உண்மையைக் காட்டின. கோளாறு ஒவ்வொரு முறையும் ஓய்வு நேரத்துக்குப் பிறகே, எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக வந்திருந்தது. கோப்புறை இருந்த கணினி, 15 நிமிடம் யாரும் தொடாவிட்டால் உறக்க நிலைக்குச் செல்லும்படி அமைக்கப்பட்டிருந்தது. யாராவது அதன் சுட்டியை அசைத்ததும் அது விழித்துக்கொண்டது. கோப்புறையும் திறந்தது.

மாணவர்கள் அந்த ஓர் அமைப்பை மட்டும் மாற்றினர். பல அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால், கோளாற்றின் காரணம் தெரியாமலேயே போயிருக்கும். பின்னர், ஒரு வாரம் குறிப்பேட்டைத் தொடர்ந்து கவனித்தனர். கோளாறு மீண்டும் வரவில்லை.

நோயை அறிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருக்குறள் அறிவுறுத்துகிறது. கணினிக்கும் அது பொருந்தும். அந்த மாணவியோ, அன்று முதல் தம் கட்டுரையின் படி ஒன்றைத் தம் கணினியிலும் சேமித்து வைக்கத் தொடங்கினார்.