கட்டிலை விடப் பெரிய சீப்பு

கேள்வி: ரெனே மக்ரித்தின் ‘தனிப்பட்ட மதிப்புகள்’ ஓவியத்தைப் பார்த்து ஆயில் பெயின்டில் வரைந்தேன். அளவுகள் சரியாக இருந்தும், சீப்பும் கோப்பையும் வெட்டி ஒட்டியவை போலத் தெரிகின்றன. கனவுத்தன்மை வர என்ன செய்யலாம்?

பதில்: கனவைப் பற்றிய யோசனையை முதலில் விடுங்கள். 1952-இல் மக்ரித் வரைந்த அந்த அறையில் விந்தை பெரும்பாலும் பொருள்களின் அளவில்தான் இருக்கிறது. கட்டில் மேல் சீப்பு, அலமாரி மேல் ஷேவிங் பிரஷ், தரையில் பிரம்மாண்டமான கண்ணாடிக் கோப்பை, தீக்குச்சி. இவற்றைப் பூசிய விதத்தில் துளி மாயமும் கிடையாது. சுவர்க்காகிதத் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராகவும் விளம்பர ஓவியராகவும் இருந்தவர் அவர். தூரிகைத் தடம் தெரியாத அந்த நிதானமான பூச்சை அங்கேதான் பழகியிருப்பார் என்று நினைக்கிறேன்.

உங்கள் குறை நிழலில் இருக்கும். போனில் உள்ள படத்தை மட்டும் பார்த்து வரைந்தால் நிழலின் காரணம் கைக்கு வராது. காலணி அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். சீப்பை விடச் சிறிதாக அட்டையில் ஒரு கட்டில் மடித்து, அதன்மேல் நிஜச் சீப்பைச் சாய்த்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கைக் காட்டுங்கள். பெட்டியின் தரை மட்டத்துக்குக் குனிந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். சீப்பின் பற்கள் படுக்கையில் விழுத்தும் கோடுகளையும், அது படுக்கையைத் தொடும் இடத்தில் சேரும் அடர்ந்த இருட்டையும் வரைந்தாலே சீப்புக்கு எடை வந்துவிடும். அந்த இருட்டுக்குக் கறுப்பு வேண்டாம். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் கலந்தால் போதும்.

கோப்பையை ‘கண்ணாடி நிறத்தில்’ வரைய முயலாதீர்கள். அதன் பின்னால் தெரிவதை முதலில் வரைந்து காயவிட்டு, விளிம்புகளையும் இரண்டொரு ஒளிப்புள்ளிகளையும் மட்டும் மேலே வையுங்கள். அடிப்பூச்சில் டர்பன்டைன் கூடுதலாகவும், மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் கூடுதலாகவும் இருக்கட்டும். மாறிப்போனால் நாளடைவில் வெடிப்பு விழும்.

பலரும் தவறவிடுவது, மேகங்களோடு வானமாகவே தீட்டிய அந்த அறையின் சுவர். வானம்தானே என்று ஒரே நீலமாகப் பூசிவிட்டால் அறை காணாமல் போய்விடும். இரு சுவர்கள் சந்திக்கும் மூலையில் நீலம் ஒரு படி மாறவேண்டும். அப்போதுதான் அது வானமாகவும் சுவராகவும் ஒரே நேரத்தில் நிற்கும்.

மூலம் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம். நகலை மூலமென்று யாரும் எண்ணிவிடாதபடி உங்கள் கான்வாஸ் வேறு அளவில் இருக்கட்டும். பின்புறம் ‘மக்ரித்தைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.