மூளைக்குள் ஒரு சாயம்

விருத்தாசலத்துப் பீங்கான் கிண்ணத்தில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்திருந்தால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அதன்மீது சிறிது மையைத் தடவித் துடைத்துப் பாருங்கள். வழவழப்பான பரப்பில் மை நிற்காது; விரிசலில் மட்டும் தங்கி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். உயிருள்ள மனிதனின் மூளையில் இருக்கும் கோளாறையும் இவ்விதம் காண இயலுமா?

1906-ஆம் ஆண்டில் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், நினைவிழந்து இறந்த ஒரு பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு இடையே சிறுசிறு படிவுகளைக் கண்டார். அவை அமிலாய்டு என்னும் புரதம் எனப் பின்னர் தெரிந்தது.

“தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, மறக்கிறார்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தைராய்டுக் குறையாலும், வைட்டமின் பி-12 குறைவாலும் கூட மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. எனவே காரணத்தைப் பிரித்தறிவது மிக அவசியம். ஆனால் ஏறக்குறைய நூறாண்டுக் காலம், இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தே அமிலாய்டை உறுதி செய்ய முடிந்தது.

அறுத்த மூளைத் துண்டுகளுக்கு ஏற்றிய சாயங்களுள் ஒன்று காங்கோ சிவப்பு. பருத்தித் துணிக்காகச் செய்யப்பட்ட சாயம் அது! தயோஃப்ளேவின்-டி என்பது மற்றொன்று. அமிலாய்டில் ஒட்டியதும் ஒளிரும். அதையே ஊசி வழியாக ஏற்றினால் என்ன?

இரண்டு தடைகள் உள்ளன. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் கண்டதையெல்லாம் உள்ளே விடாது. தயோஃப்ளேவின்-டி நேர்மின்னேற்றம் கொண்டது; வாசலிலேயே நின்றுவிடும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்க், செஸ்டர் மேதிஸ் இருவரும் மூலக்கூறைச் சற்று மாற்றி அந்த மின்னேற்றத்தை நீக்கினர். அது உள்ளே புகுந்தது.

அடுத்த தடை மண்டையோடு. ஒளி அதைக் கடந்து வெளிவருவது கடினம். ஆகவே மூலக்கூறிலுள்ள கார்பன் அணு ஒன்றுக்குப் பதிலாகக் கதிரியக்கக் கார்பன்-11 சேர்க்கப்பட்டது. இதுதான் இயற்பியலின் அழகான இடம். கார்பன்-11 சிதையும்போது பாசிட்ரான் வெளிப்படுகிறது. அது அருகிலுள்ள எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். தலையைச் சுற்றியுள்ள வளையக் கருவி இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், அவை புறப்பட்ட இடம் அந்த நேர்கோட்டில் எங்கோ இருக்கவேண்டும். இலட்சக்கணக்கான கோடுகளைச் சேர்த்துக் கணித்தால் படிவின் படம் கிடைக்கும். 2002-இல் சுவீடனின் உப்சாலாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இவ்வாறு படம் எடுத்தனர்.

ஒரு கணக்குப் போடுவோமா? கார்பன்-11இன் அரை ஆயுட்காலம் சுமார் 20 நிமிடம். மருந்தைச் சென்னையில் தயாரித்து, நான்கு மணி நேரத்தில் நம் கம்மாபுரத்துக்குக் கொண்டுவந்தால் 12 அரை ஆயுட்காலம் கழிந்திருக்கும். எஞ்சுவது 4096-இல் ஒரு பங்கே! ஃப்ளூரின்-18க்கு அரை ஆயுட்காலம் சுமார் 110 நிமிடம்; அதில் ஐந்திலொரு பங்குக்கும் சற்று மேலாகவே மிஞ்சும். தொலைவிலுள்ள மருத்துவமனைக்கும் அனுப்பலாம் அல்லவா? ஃப்ளூரின்-18 கொண்ட ஃப்ளோர்பீட்டாபிர் 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

படம் மட்டுமே தீர்ப்பு அன்று. நினைவு நன்றாக உள்ள முதியோர் சிலரிடமும் படிவுகள் காணப்படுகின்றன. மருத்துவர் நினைவுச் சோதனைகளையும் சேர்த்தே முடிவு செய்வார். 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற மருந்து, படிவுகளைக் குறைத்து, தொடக்க நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு தணிக்கிறது, குணப்படுத்துவதில்லை. அதைக் கொடுக்குமுன் அமிலாய்டு இருப்பதை உறுதி செய்தாக வேண்டும்.